லெனோவா பேப் 2 புரோ

லெனோவா பேப் 2 புரோ என்பது சீனாவைச் சேர்ந்த லெனோவா நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட, 6.4 அங்குலத் திரை கொண்ட திறன்பேசி ஆகும். கூகுள் நிறுவனத்தின் டேங்கோ என்னும் மிகை மெய்ம்மைத் தொழில்நுட்பத்துடன் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் தொலைபேசி இதுவே. ஒளிப்படக்கருவி காட்டும் உண்மையான காட்சியின் மீது, கணினி உருவாக்கிய உருவங்களை உரிய இடத்தில் பொருத்திக் காட்டும் முறையே மிகை மெய்ம்மை எனப்படுகிறது. ஆங்கில வழக்கில் இது ஆக்மென்டட் ரியாலிட்டி என அறியப்படுகிறது.

இத்திறன்பேசியின் சிறப்புக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் ஒன்றே. தொலைபேசி தன் சுற்றுப்புறத்தை அறியத் தனி வன்பொருள் வேண்டும் என்ற கருத்தின் மீது இது கட்டப்பட்டது. அவ்வன்பொருளே இதற்குப் பிற தொலைபேசிகளுக்கு இல்லாத திறனைத் தந்தது; இதன் பருமனையும் விலையையும் கூட்டியது. தனி வன்பொருள் இல்லாமலேயே பெரும்பாலான பணிகளைச் செய்யலாம் என்ற நிலை வந்தபோது, விற்பனைக்கு வந்து 16 மாதங்களில் இதன் முதன்மை வசதி கைவிடப்பட்டது.

சிறப்புக் கூறுகள்

- திரை: 6.4 அங்குலம், 2560 × 1440 படவணுக்கள்
- அளவு: ஏறத்தாழ 180 மி.மீ. நீளம், 88.6 மி.மீ. அகலம், 10.7 மி.மீ. தடிப்பு
- எடை: 259 கிராம்
- நுண்செயலி: டேங்கோவுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்ட குவால்காம் இசுனாப்டிராகன் 652
- நினைவகம்: 4 கிகாபைட்டு
- சேமிப்பகம்: 64 கிகாபைட்டு
- பின்புற ஒளிப்படக்கருவி: 16 மெகாபிக்சல், இத்துடன் ஆழ உணர்வி, அகல்கோண இயக்க உணர்வி
- முன்புற ஒளிப்படக்கருவி: 8 மெகாபிக்சல்
- மின்கலம்: 4050 மில்லியாம்பியர்-மணி
- இயங்குதளம்: ஆண்ட்ராய்டு 6.0
- அமெரிக்க வெளியீட்டு விலை: சுமார் 500 டாலர்

பின்னணி

தொலைபேசிக்கும் பலகைக் கணினிக்கும் இடைப்பட்ட அளவுடைய கருவிகள் பேப்லெட்டு என்று அழைக்கப்பட்டன. 2011 இல் வெளிவந்த 5.3 அங்குலத் திரை கொண்ட சாம்சங் கேலக்சி நோட்டு இவ்வகையைப் பரவலாக்கியது. லெனோவாவின் பேப் என்னும் வரிசைப் பெயரும் இச்சொல்லை நினைவூட்டுவதாகும்.

டேங்கோ, கூகுளின் மேம்பட்ட தொழில்நுட்பத் திட்டங்கள் பிரிவில் சானி லீ என்பவர் தலைமையில் உருவானது. இப்பிரிவு முதலில் மோட்டோரோலா நிறுவனத்தில் இயங்கியது. 2014 இல் கூகுள், மோட்டோரோலாவை லெனோவாவுக்கு விற்றபோது இப்பிரிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எனினும் அப்பிரிவின் ஆய்வைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் நிறுவனம் லெனோவாவாகவே அமைந்தது.

வரலாறு

2014 பெப்ரவரியில் டேங்கோ திட்டம் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு சோதனைத் தொலைபேசியும், பின்னர் 7 அங்குலப் பலகைக் கணினியும் மென்பொருள் உருவாக்குநர்களுக்காக வெளியிடப்பட்டன. அப்பலகைக் கணினியின் தொடக்க விலை 1,024 டாலர்.

2016 சனவரியில் லெனோவாவும் கூகுளும் இணைந்து நுகர்வோருக்கான டேங்கோ தொலைபேசியை உருவாக்குவதாக அறிவித்தன. அவ்வாண்டு சூன் 9 அன்று சான் பிரான்சிசுகோ நகரில் பேப் 2 புரோ அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் விற்பனை தொடங்கியது.

இயங்கும் முறை

டேங்கோ மூன்று திறன்களின் கூட்டாகும்.

இயக்கத்தைப் பின்தொடர்தல்: அகல்கோண வில்லை கொண்ட ஒளிப்படக்கருவி சுற்றியுள்ள மூலைகள், விளிம்புகள் போன்ற அடையாளப் புள்ளிகளைத் தொடர்ந்து கவனிக்கிறது. முடுக்கமானி, சுழல்காட்டி ஆகியவற்றின் அளவீடுகளும் இதனுடன் சேர்க்கப்படுகின்றன. இவற்றிலிருந்து தொலைபேசி எவ்வளவு தொலைவு, எத்திசையில் நகர்ந்தது என்பது கணிக்கப்படுகிறது. செயற்கைக்கோள் இடங்காட்டி எட்டாத கட்டடங்களுக்குள்ளும் இது இயங்கும்.

ஆழத்தை உணர்தல்: கருவி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. பொருள்களில் பட்டுத் திரும்பும் ஒளியலையின் கட்ட வேறுபாட்டைக் கொண்டு தொலைவு அளக்கப்படுகிறது. ஒளி ஒரு நானோநொடியில் சுமார் 30 செ.மீ. செல்லும். எனவே 3 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் பட்டுத் திரும்ப அதற்கு 20 நானோநொடிகளே ஆகும். இத்தகைய நுண்ணிய வேறுபாட்டை அளக்க, செருமனியின் இன்ஃபினியான், பி.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் உருவாக்கிய உணர்வி பயன்படுத்தப்பட்டது.

இடத்தை நினைவிற்கொள்ளல்: ஒருமுறை கண்ட இடத்தின் அடையாளங்களைச் சேமித்து வைத்து, மீண்டும் அங்கு வரும்போது அடையாளம் காண்பது. சிறுகச் சிறுகச் சேரும் அளவீட்டுப் பிழைகளைத் திருத்தவும் இது உதவுகிறது.

பலங்கள்

- அளவீடு: அறையின் நீளம், மேசையின் உயரம் போன்றவற்றைத் திரையில் இரு புள்ளிகளைத் தொட்டு அளக்க முடிந்தது. அறைகலன் ஒன்றை உண்மையான அளவில் வீட்டில் நிறுத்திப் பார்க்க, அமெரிக்க விற்பனை நிறுவனங்களான லோவிசு, வேஃபேர் ஆகியவை செயலிகளை வெளியிட்டன.
- நிலைத்தன்மை: தரையில் நிறுத்திய மெய்நிகர் பொருளைச் சுற்றி நடந்தாலும் அது பெரும்பாலும் இடம் பெயராமல் நின்றது.
- கல்விப் பயன்: அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தொன்மாக்களைக் காட்டும் செயலியை வெளியிட்டது. டெட்ராயிட் கலைக் கழகம் 2017 சனவரியில் பார்வையாளர்களுக்கு டேங்கோ தொலைபேசிகளை இரவல் தந்து, பதப்படுத்தப்பட்ட எகிப்திய உடலின் உட்புறத்தையும், பாபிலோனின் இசுதார் வாயிலின் முழு வடிவையும் காணச் செய்தது.
- பெரிய திரை: மிகை மெய்ம்மையில் திரையே உலகைப் பார்க்கும் சாளரம் ஆதலால், அகன்ற திரை ஒரு தேவையாகவே இருந்தது. படம் பார்க்கவும் நூல் படிக்கவும் அது ஏற்றதாயிற்று. டால்பி ஒலி வசதியும் பெரிய மின்கலமும் இதற்குத் துணைநின்றன.

குறைபாடுகள்

- பருமன்: 16:9 விகிதத்தில் அமைந்த 6.4 அங்குலத் திரை மட்டுமே ஏறத்தாழ 80 மி.மீ. அகலம் கொண்டது. பிற்காலத்துத் தொலைபேசிகளும் பெரியவையே. எனினும் அவற்றின் திரைகள் நீண்டு ஒடுங்கியவை. 2022 இல் வெளிவந்த 6.7 அங்குல ஐபோன் 14 புரோ மேக்சு கருவியின் முழு உடலும் 77.6 மி.மீ. அகலமே உடையது. ஆகவே பேப் 2 புரோவை ஒரு கையால் இயக்குவது பெரும்பாலோர்க்கு இயலாது. மிகை மெய்ம்மைச் செயலிகளில் கருவியை உயர்த்திப் பிடித்தபடி நடக்க வேண்டியிருந்ததால், எடையும் கைக்குச் சுமையாயிற்று.
- வெயில்: சூரிய ஒளியில் அகச்சிவப்புக் கதிர்கள் மிகுதி. அவற்றுள் கருவியின் மெல்லிய ஒளி மூழ்கிவிடும். குண்டு மின்விளக்கின் ஒளியிலும் இடர் ஏற்படும்.
- எல்லை: ஆழ உணர்வு சுமார் 4 மீட்டர் வரையே நன்கு இயங்கும். கண்ணாடி, பளபளக்கும் பரப்பு, கருநிறப் பொருள் ஆகியவற்றை அது சரிவர உணராது.
- வெப்பமும் மின்செலவும்: மூன்று உணர்விகளும் திரையும் ஒருசேர இயங்குவதால் கருவி சூடேறி, மின்கலம் விரைவில் தீர்ந்தது.
- செயலிகளின் பற்றாக்குறை: விற்பனை தொடங்கியபோது சில பத்துச் செயலிகளே இருந்தன. வாங்குவோர் குறைவு என்பதால் உருவாக்குநர்கள் வரவில்லை. செயலிகள் குறைவு என்பதால் வாங்குவோரும் பெருகவில்லை.

இந்தியாவில் பேப் 2 வரிசை

இவ்வரிசையில் பேப் 2, பேப் 2 பிளசு என்னும் வேறு இரு தொலைபேசிகளும் இருந்தன. மூன்றுக்கும் திரை அளவு ஒன்றே. இந்தியாவில் பேப் 2 பிளசு 2016 நவம்பரில் 14,999 ரூபாய்க்கும், பேப் 2 அவ்வாண்டு டிசம்பரில் 11,999 ரூபாய்க்கும் அறிமுகமாயின.

பேப் 2 தொலைபேசியும் மிகை மெய்ம்மை வசதியுடையது என்றே விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பேப் 2 இல் டேங்கோ உணர்விகள் இல்லை. அதன் ஒளிப்படச் செயலி, எடுக்கும் படத்தில் பின்னணிகளையும் கேலிச்சித்திர உருவங்களையும் சேர்த்துக் காட்டியது. அறையை அளக்க அதனால் இயலாது. ஒரே சொல் இரு வேறு திறன்களைக் குறித்ததால், வாங்குவோர் வேறுபாட்டை அறிந்திருப்பது இன்றியமையாததாயிற்று.

இக்கருவிகள் இங்கு இணைய அங்காடிகள் வழியாக விற்கப்பட்டன. இதனால் விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களில் வாழ்வோர் கடைக்குச் சென்று கையில் பிடித்துப் பார்த்து வாங்கும் வாய்ப்புக் குறைவாக இருந்தது. அளவே முதன்மையான குறைபாடாக அமைந்த ஒரு தொலைபேசிக்கு, திரையின் அங்குலக் கணக்கை மட்டும் படித்து முடிவெடுப்பது போதுமானதன்று. பார்சல் வந்த பின்னரே அது சட்டைப் பையில் அடங்காது என்பது தெரியவரும்.

அசுசு நிறுவனத்தின் சென்ஃபோன் ஏஆர் தொலைபேசி டேங்கோ தொழில்நுட்பத்துடன் இந்தியாவில் வெளிவந்தது. 5.7 அங்குலத் திரையும் 170 கிராம் எடையும் கொண்ட இது, 2017 சூலையில் 49,999 ரூபாய் விலையில் அறிமுகமானது. பருமன் குறைந்தது; விலையோ பேப் 2 இன் விலையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் ஆயிற்று.

லெனோவாவுக்கும் இப்பகுதிக்கும் வேறு வகையிலும் தொடர்பு உண்டு. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களிலிருந்தும் சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள புதுச்சேரியில் அந்நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலை அமைந்துள்ளது. 2015 இல் திருப்பெரும்புதூரில் ஒப்பந்த முறையில் தொலைபேசி உற்பத்தியையும் அது தொடங்கியது.

விழுப்புரம் மாவட்ட எடுத்துக்காட்டுகள்

இத்தொழில்நுட்பத்தின் இயல்பையும் எல்லையையும் விழுப்புரம் மாவட்டத்தின் மூன்று தொல்லிடங்களைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

மண்டகப்பட்டு: விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையில் உள்ள இவ்வூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி அமைக்கப்பட்டதாக அதன் கல்வெட்டு கூறுகிறது. நிழலும் சிறிய பரப்பும் கொண்ட இத்தகைய மண்டபமே டேங்கோவின் ஆழ உணர்விக்கு மிக ஏற்ற இடமாகும். பாறையின் சொரசொரப்பு, இயக்கத்தைப் பின்தொடரும் ஒளிப்படக்கருவிக்கு வேண்டிய அடையாளப் புள்ளிகளைத் தரும். எனினும் உள்ளே இருள் மிகுந்தால் அப்புள்ளிகளைக் காண இயலாது.

திருவக்கரை: இங்குள்ள தேசியக் கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையான கல்லாகிய மரங்கள் கிடக்கின்றன. அருகில் நின்று அடிமரத்தின் தடிப்பை அளப்பது இவ்வகைக் கருவிக்கு உரிய பணியே. ஆனால் அவை திறந்தவெளியில் கிடப்பதால், நண்பகலில் ஆழ உணர்வி பயன்தராது. மாலையிலோ மேகமூட்டத்திலோ அளவீடு மேம்படும்.

செஞ்சிக் கோட்டை: திண்டிவனத்திற்கு மேற்கே உள்ள இக்கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகளை இணைத்து அமைந்தது. மராத்தியப் படைத்துறை நிலத்தோற்றங்களில் ஒன்றாக 2025 சூலையில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிதைந்த பகுதிகளைத் திரையில் மீட்டெழுப்பிக் காட்டுவது மாணவர்க்கு மிகப் பயன்தரும். ஆயினும் 4 மீட்டர் எல்லை கொண்ட உணர்வியால் குன்றையோ மதில்களையோ அளக்க முடியாது. கல்யாண மகாலின் உள்ளறைகளில் அது பயன்படலாம். வெளியே செயற்கைக்கோள் இடங்காட்டியும் காட்சியை அடையாளங்காணும் மென்பொருளும் வேண்டும். கால் கிலோ எடைக்கு மேற்பட்ட கருவியை ஏந்தியபடி செங்குத்தான படிகளில் ஏறுவதும் பாதுகாப்பானதன்று.

டேங்கோவின் முடிவு

2017 சூனில் ஆப்பிள் நிறுவனம் ஏஆர்கிட்டு என்னும் மென்பொருள் தொகுதியை அறிவித்தது. அது தனி ஆழ உணர்வி இல்லாமல், சாதாரண ஒளிப்படக்கருவியையும் இயக்க உணர்விகளையும் கொண்டே தரை, மேசை போன்ற பரப்புகளைக் கண்டறிந்தது. 2017 ஆகத்து 29 அன்று கூகுள் இதே வழியில் ஏஆர்கோர் தொகுதியை அறிவித்தது. துல்லியத்தில் குறைந்தாலும், மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த கருவிகளில் அவை இயங்கின.

2018 மார்ச்சு 1 அன்று டேங்கோவுக்கான ஆதரவை கூகுள் நிறுத்தியது. சென்ஃபோன் ஏஆர், ஏஆர்கோர் ஆதரவுப் பட்டியலில் இடம்பெற்றது. பேப் 2 புரோ இடம்பெறவில்லை. தனி உணர்விகள் எவையும் இல்லாத தொலைபேசிகளில் மிகை மெய்ம்மை இயங்கத் தொடங்கிய அதே காலத்தில், அதற்கெனவே உருவாக்கப்பட்ட தொலைபேசியை வாங்கியவர்கள் அவ்வசதியை இழந்தனர். கருவி பழுதடையவில்லை, அதைத் தாங்கிய மென்பொருளே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு கருவியின் ஆயுளை அதன் உறுப்புகள் மட்டுமன்றி, அதை வெளியிட்டோரின் முடிவும் வரையறுக்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறத்தக்கது.

பிற்கால நிலை

டேங்கோ மறைந்தாலும் அதன் கருத்து மறையவில்லை. 2019 இல் சாம்சங்கின் சில தொலைபேசிகளில் ஒளி திரும்பும் நேரத்தை அளக்கும் உணர்விகள் இடம்பெற்றன. 2020 இல் ஆப்பிள், ஐபேடு புரோ, ஐபோன் 12 புரோ ஆகியவற்றில் லைடார் உணர்வியைச் சேர்த்தது. இவற்றில் ஆழ உணர்வி, ஒளிப்படக்கருவிக்குத் துணை செய்யும் கூடுதல் உறுப்பாகவே அமைந்தது. அது இல்லாவிடினும் மிகை மெய்ம்மை இயங்கும், இருந்தால் மேம்படும். பேப் 2 புரோவோ அவ்வுணர்விகளையே முழுதும் நம்பி நின்றது.

இவற்றையும் பார்க்க

- மிகை மெய்ம்மை
- மெய்நிகர் உண்மை
- திறன்பேசி
- லைடார்
- செஞ்சிக் கோட்டை
- திருவக்கரை கல்மரப் பூங்கா