கிராஃபீன் டி.என்.ஏ. உணர்வி

கரியணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய, ஓரணுவளவே கனமுள்ள கிராஃபீன் தகட்டை மின்னோட்டப் பாதையாகக் கொண்டு, ஒரு துளித் திரவத்தில் குறித்த டி.என்.ஏ. தொடர் உளதா என்பதை மின்சார மாறுதலாலேயே கண்டறியும் சூக்ஷ்ம சாதனம். ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலொவ் ஆகியோர் 2004-இல் மான்செஸ்டரில் சாதாரண ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்துப் பிரித்தெடுத்த இப்பொருள், 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

கனத்த பொருளில் மின்சாரம் ஆழ்ந்து ஓடுவதால் மேற்பரப்பில் நிகழ்வது அதற்கு அவ்வளவாக எட்டுவதில்லை. கிராஃபீனுக்கோ மேற்பரப்பன்றி உட்புறமே கிடையாதாகையால், அதன்மேல் வந்தமரும் சொற்ப மின்னேற்றமும் பிரவாகத்தைப் பாதிக்கிறது. பைரீன் என்னும் மூலக்கூறு தகட்டில் படிந்து ஒற்றை இழை டி.என்.ஏ. துணுக்கொன்றைப் பற்றி நிற்க, அதற்கு இணையான இழை திரவத்திலிருந்து வந்து பிணைந்ததும், அதன் பாஸ்பேட் தொடர் சுமந்துவரும் எதிர்மின்னேற்றம் மின்னோட்டத்தை மாற்றிவிடுகிறது. சாயமும் ஒளிக்கருவியும் வேண்டாதிருப்பது இம்முறையின் விசேஷம்.

பெரிய இடையூறு உப்பேயாகும். இரத்தத்தை ஒத்த உப்புச் செறிவில் அயனிகள் சூழ்ந்து, மின்னேற்றத்தை 1 நானோமீட்டருக்கும் குறைந்த தூரத்திலேயே மறைத்துவிடுகின்றன. 20 கார இணைகளுள்ள சிறு டி.என்.ஏ. துணுக்கே ஏறத்தாழ 7 நானோமீட்டர் நீளமென்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும். உப்பைக் குறைத்தாலோ இழைகள் ஒன்றையொன்று விலக்கி, பிணைப்பே தளர்கிறது.

மற்றொரு குறை, கிராஃபீனில் மின்னோட்டம் முற்றிலும் அணைவதில்லை என்பது. ஓரடுக்கு மாலிப்டினம் டைசல்பைடு என்னும் வேறொரு பொருளில், மின்னோட்டத்தை அணைக்க உதவும் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.8 எலெக்ட்ரான் வோல்ட் இருத்தலால் அக்குறை நீங்குகிறது. இக்குறைகளிருந்தும், குறித்த டி.என்.ஏ. தொடரை நாடி வெட்டும் காஸ்9 என்னும் புரதத்தை, அதன் வெட்டும் சக்தியை நீக்கிக் கிராஃபீன்மேல் பொருத்தி, டுஷேன் தசைநலிவு நோய்க்குரிய மரபணு மாறுதலை, டி.என்.ஏ.வைப் பெருக்காமலே 15 நிமிஷத்தில் காட்டிய சில்லொன்றைக் கலிபோர்னிய ஆராய்ச்சியாளர் 2019-இல் வெளியிட்டனர்.