சீனத்துக் கல்யாணம்: சட்டமும் சம்பிரதாயமும்

1919 நவம்பர். சீனாவின் சாங்ஷா நகரில் கல்யாணப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்த ஜாவ் என்ற பெண், ஒளித்து வைத்திருந்த சவரக் கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு உயிரை விட்டாள். இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் சொன்னது எடுபடவில்லை. தரகர் பேசி, ஜாதகம் பார்த்து, பெத்தவங்க முடித்துவிடுவதுதான் அன்றைய வழக்கம். அந்தச் சாவைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்துக் கட்டுரை எழுதியவர் 25 வயது மா சே துங்.

பின்னாளில் அவர் தலைமையில் அமைந்த அரசு 1950 மே 1-இல் திருமணச் சட்டம் கொண்டுவந்தது. இருவரும் மனமொப்பினால்தான் கல்யாணம். இரண்டாம் தாரம், குழந்தை நிச்சயதார்த்தம் கூடாது. விதவை மறுமணத்தைத் தடுக்கக் கூடாது. மணவயது ஆணுக்கு 20, பெண்ணுக்கு 18 என்றிருந்தது, 1980 சட்டத்தில் 22, 20 ஆயிற்று.

ஆனால் ஒன்று மட்டும் அசையவே இல்லை: மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசப் பணம். கல்யாணத்தைச் சாக்கிட்டுப் பணம் கறப்பதை 1950, 1980 சட்டங்களும், 2021-இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பும் தடுத்தன. இருந்தும் பல கிராமங்களில் கடன் வாங்கித்தான் பரிசம் போடுகிறார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வழக்குகள் வரவே, 2024-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தனி விதிகளையே வகுத்தது.

கொடுக்கும் கை மாறினாலும், நம்ம 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கதையும் இதுதானே! பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் வாங்கித் தந்துவிட்டது. பணத்தாசையை விடவேண்டியது வீட்டுப் பெரியவங்கதான்.