ஒரு நாள் கிளி

நவராத்திரி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பரணுக்கும் கூடத்துக்கும் போக்குவரத்து அதிகமாகிவிடும். சென்ற கொலுவின்போது பேத்தி ஒரு குறையைக் கண்டுபிடித்தாள்.

"தாத்தா, ஆண்டாள் கையில் கிளியைக் காணோமே!"

பழைய மண் பொம்மை. கிளி எந்த வருஷம் உடைந்ததோ, ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கடையில் வேறு பொம்மை வாங்கலாம் என்றேன். "ஸ்ரீவில்லிபுத்தூரில் இலையில்தானே கிளி பண்ணுகிறார்கள்? நாமும் பண்ணிப் பக்கத்தில் வைப்போம்" என்றாள்.

அவள் சொன்னது வாஸ்தவம். அங்கே ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி தினந்தோறும் புதிதாகப் பிறக்கிறது. மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் மூக்கு, காக்காய்ப்பொன்னால் கண். நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சிறகாகின்றன. அரளி மொட்டுகள் வாலாகின்றன. வாழைநார் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறது. கை தேர்ந்தவர்களுக்கே நாலைந்து மணி நேரம் பிடிக்கும் வேலை. நாங்களோ பகல் சாப்பாட்டுக்குள் மூன்று பறவைகளைச் செய்து முடித்தோம். அவற்றில் ஒன்றை மட்டும், கொஞ்சம் தாராள மனம் இருந்தால், கிளி என்று சொல்லலாம்.

அடுத்த வீட்டுத் தோட்டத்து மரவள்ளி இலையை மடிக்கும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டிற்று. ஆண்டாள் வாழ்ந்தது எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு என்பார்கள். மரவள்ளியோ தென்னமெரிக்காவில் பிறந்த செடி. போர்த்துக்கீசியர் வந்த பிறகே நம் கரையை அடைந்தது. மலைக்கு அப்பால் திருவாங்கூரில் அதைப் பரவலாகப் பயிரிடச் செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ஆண்டாள் இந்த இலையைக் கண்டிருக்கவே முடியாது. 1509 முதல் 1529 வரை அரசாண்டு, அவள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று காவியமாக்கிய கிருஷ்ணதேவராயர் காலத்தில் இலைக் கிளி இருந்திருந்தால், அதுவும் வேறு இலையில்தான் இருந்திருக்கும்.

சரித்திரம் தெரிந்த பெருமையில் இதைப் பேத்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிப் போயிற்று.

"அப்படியென்றால் இது பொய்க் கிளியா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வைக்கோலும் காகிதமும் சுற்றிப் பெட்டியில் பூட்டி வைத்த மண் கிளி போன இடம் தெரியவில்லை. மறுநாளே வாடிவிடும் இலைக் கிளியோ, தகப்பன் கை மகன் கைக்குக் கற்றுக்கொடுக்க, இன்றும் வந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை எங்கள் கிளி தலை தொங்கிக் கிடந்தது. பேத்தி அழுவாள் என்று நினைத்தேன். அவள் கூடையோடு கொல்லையிலிருந்து வந்தாள். கூடை நிறையப் பூவரச இலை.

"அடுத்த வீட்டில் இனிமேல் பறிக்கக் கூடாது என்கிறார்கள், தாத்தா. பச்சையாய் இருந்தால் போதுமல்லவா?"

"போதும், அம்மா" என்று சொல்லிவிட்டு வாழைநாரைக் கிழிக்கத் தொடங்கினேன்.