விமான விசிறியும் அதன் பிணிப்பும்

கற்பிட்டிக்குச் சென்றுவந்த நேயர்கள், ஒரு புறம் களப்பும் மறு புறம் கடலும் கிடக்க நடுவே ஒடுங்கி நீளும் அம்மணல் நிலத்தையும், அங்கே ஓயாது வீசும் காற்றையும் மறந்திருக்கமாட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாக் கரையிலும் அத்தகைய நிலம் ஒன்று உண்டு. கிற்றி ஹோக் என்னும் ஊரை அடுத்த மணல்மேடுகளே அவை. வில்பர் ரைட், ஓர்வில் ரைட் என்னும் சகோதரர் இருவர் 1900ஆம் ஆண்டு முதல் அவ்விடத்தை நாடி வந்தமைக்குக் காரணம் மணலும் காற்றுமேயாம். எழும்புவதற்குக் காற்று உதவும். விழுந்தால் மணல் காக்கும்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி அவர்களுடைய விமானம் 12 விநாடி பறந்து 120 அடி கடந்ததை உலகம் அறியும். ஆனால், அதற்கு முந்திய ஆறு வாரங்களாக அவர்களை வருத்தியவை இறக்கைகள் அல்ல. விசிறியைச் சுழற்றும் தண்டும் ஒரு சிறு நட்டுமே என்பதை அறிந்தவர் சிலரே. புரொப்பெல்லர் எனப்படும் சுழல் விசிறியையே ஈண்டு விசிறி என்கிறேன்.

நவம்பர் 5ஆந் திகதி எஞ்சினை முதன்முறை ஓட்டியபோது அது சீராக வெடிக்காது குதித்தது. அந்த உதறலில் விசிறித் தண்டுகள் பழுதாயின. அவற்றைச் செப்பனிடுவதற்குத் தேற்றன் நகரிலிருந்த தம் சைக்கிள் கடைக்கு அனுப்பினர். அவை 20ஆந் திகதி திரும்பி வந்தும் தொல்லை ஒழியவில்லை. தண்டிலே பற்சில்லைப் பிணித்த நட்டு, எவ்வளவு இறுக்கினும் சிறிது நேர ஓட்டத்தில் இளகியது. ஈற்றில், சைக்கிள் ரயரை வளையத்தில் ஒட்டுவதற்குத் தாம் கடையிலே வைத்திருந்த பசை அவர்கள் நினைவுக்கு வந்தது. தண்டையும் பற்சில்லையும் சூடாக்கி, உருகிய பசையைப் புரியினுள் வார்த்து, மீண்டும் முறுக்கினர். அதன்பின் அந்த இணைப்பு இளகவில்லை. அடுத்து ஒரு குழாய்த் தண்டு வெடித்தது; ஓர்வில் ஊருக்குச் சென்று திண்ணிய உருக்கினால் புதுத் தண்டுகள் செய்து டிசம்பர் 11ஆந் திகதி மீண்டார். ஆறாம் நாள் விமானம் பறந்தது.

ரைட் சகோதரர் காலத்துச் சங்கிலியும் பற்சில்லும் பின்னர் மறைந்தன. விசிறி எஞ்சின் தண்டின் முகத்திலுள்ள உருக்குத் தட்டிலேயே நேராகப் பூட்டப்பட்டது. ஆயினும் அவர்களை வருத்திய கேள்வி மறையவில்லை. தம் வீட்டுக் கொட்டகையிலே விமானம் கட்டிப் பறப்போர் பலர் மரவிசிறியையே இன்றும் விரும்புகின்றனர். அதனைப் பிடித்து நிற்பது எது?

ஆறு போல்ட்டுகளும் ஆறு முளைகளைப் போல நின்று விசிறியைத் தள்ளிச் சுழற்றுகின்றன என்றே பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது. பின்னே எஞ்சின் தட்டும் முன்னே ஓர் உலோகத் தகடும் நிற்க, இடையிலே மரம் நெரிபடுகின்றது. அந்த நெரிப்பிலே பிறக்கும் உராய்வே விசிறியைச் சுழற்றுகின்றது. சில எஞ்சின்களின் தட்டிலே குமிழ்கள் உண்டு. ஆயினும் பாரத்தின் பெரும் பங்கு உராய்வின் மேலதே. 65 குதிரை வலுவுள்ள நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 2,300 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரு வெடிப்பு. ஆகவே நிமிடத்திற்கு 4,600 உதைகள். பிடி தளர்ந்தால் ஒவ்வோர் உதைக்கும் மரம் தட்டின்மேல் இம்மியளவு வழுக்கும். வழுக்குவதால் சூடேறும், சூட்டினால் மரம் கரியும், துளை நீளும். அப்பொழுதுதான் போல்ட்டு உண்மையிலே முளையாகி, முன்னும் பின்னும் வளைந்து, களைத்து முறிகின்றது. விசிறியின் ஓர் அலகு பறந்துவிட்டால், மற்றையது எஞ்சினையே அதன் தாங்கியிலிருந்து பிடுங்கிவிடவும் கூடும்.

அவ்வாறாயின் வலிமை உள்ளமட்டும் இறுக்கிவிடலாமே என்பீர்கள். மரம் இரும்பன்று. மிகையாக நெரித்தால் அதன் நார்கள் நசுங்கும். நசுங்கிய மரத்திலே எதிர்த்துத் தள்ளும் வலு இராது.

இன்னுமொரு தொல்லை உண்டு. அதனை நம் வண்டிக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர். கோடையிலே மாட்டு வண்டிச் சில்லின் மரம் வற்றிச் சுருங்கும். இரும்புப் பட்டம் கழன்று ஆடும். சில்லைக் குளத்திலே ஊறப்போட்டால் மரம் பருத்துப் பட்டம் இறுகும். விமான விசிறியின் நடுமரத்திற்கும் இவ்விதியே. புத்தளத்திலே உப்பு விளைகின்ற வறண்ட மாதங்களில் போல்ட்டை அளவாக இறுக்குகிறோம் என்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்துப் பருக்க முயலும். உருக்குத் தட்டுகள் இடங்கொடா. மரம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். மீண்டும் சோளகக் காற்றிலே வற்றும்போது முன்னையிலும் மெலிந்து நிற்கும். எவரும் தொடாமலே போல்ட்டு தளர்ந்துவிடும். கடலோர உப்புக் காற்று போல்ட்டை அரிப்பது இதற்கு மேலதிகம்.

இக்கரைக்கு விமானம் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டு, பிரித்தானியக் கடற்படை புத்தளத்திலே விமானத்தளம் ஒன்றை அமைத்து அதற்கு ‘ராஜாலிய’ எனப் பெயரிட்டது. நம் இராசாளியே அச்சிங்களப் பெயரில் மறைந்திருக்கின்றது. அங்கு நின்ற கோர்செயர் விமானங்களை யானைகள் இழுத்துச் செல்லும் ஒளிப்படங்கள் இன்றும் உள்ளன. ஆனால் அவ்விமானங்களின் விசிறிகள் உலோகத்தாலானவை. அவற்றைப் பேணுவதற்கு ஒரு பட்டாளமே இருந்தது.

தனி மனிதராய்த் தம் விமானத்தைத் தாமே கட்டியவரை நாடினால், சிலாபத்தை அடுத்த காக்கப்பள்ளியவுக்கு வரவேண்டும். அங்கே தென்னந்தோட்டம் வைத்திருந்த ரே விஜேவர்தன (1924–2010) கேம்பிரிட்ஜிலே பொறியியல் கற்றவர். இரு சில்லு உழவு இயந்திரமாகிய லாண்ட்மாஸ்டரை வடிவமைத்தவர். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவர். இவ்வளவுக்கும் இடையே இலகு விமானங்களைத் தாமே அமைத்துப் பறந்தார். தொழிற்சாலை விமானத்தை ஒருவர் கட்ட, ஒருவர் சோதிக்க, ஒருவர் ஓட்டுவர். இத்தகையோருக்கோ மூவரும் ஒருவரே. இரவிலே தாம் இறுக்கிய போல்ட்டை நம்பித்தான் காலையிலே ஏறுகின்றனர்.

ஆகவே அவர்கள் கைக்கொள்ளும் முறை கண்டிப்பானது. முதலில் சில்லுகளுக்குத் தடை வைத்து, எஞ்சினின் தீப்பொறிக் கம்பிகளைக் கழற்றுவர். கையாற் சுழற்றிய விசிறி எஞ்சினைக் கிளப்பி ஆளைக் கொன்றதுண்டு. பின்னர் முறுக்கின் அளவைக் காட்டும் சாவியினால், ஒன்றையும் அதற்கு நேர் எதிரேயுள்ளதையும் மாறி மாறி, சிறிது சிறிதாக, விசிறி செய்தவர் குறித்த அளவுவரை இறுக்குவர். புரியிலே எண்ணெய் இருந்தால் அதே முறுக்கு மிகையாய் நெரிக்கும். ஆதலால் அவர் சொன்னது உலர்ந்த புரிக்கா, எண்ணெய்ப் புரிக்கா என்பதையும் பார்ப்பர். அதன்பின் விமானத்தின் அருகே அசையாத குறியொன்றை நட்டு, விசிறியை மெல்லத் திருப்பி, இரு நுனிகளும் ஒரே தடத்தில் வருகின்றனவா என்று நோக்குவர். எட்டில் ஓர் அங்குலத்திற்கு மேற்பட்ட வேறுபாடு ஆகாது. ஈற்றிலே போல்ட்டுத் தலைகளைக் கம்பியாற் கோத்துப் பிணிப்பர். முதற் பறப்பின் பின்னரும், பின்பு ஐம்பது மணி நேரத்திற்கு மிகாத இடைவெளியிலும், பருவம் மாறும்போதெல்லாமும் கம்பியை வெட்டி மீண்டும் அளந்து பார்ப்பர்.

விசிறியைக் கழற்ற நேரும்போது மரத்தின் பின்முகத்தை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தல் வேண்டும். பளபளப்போ கரிய நிறமோ தோன்றினால் அது வழுக்கியிருக்கின்றது. துளை வட்டம் மாறி நீண்டிருந்தால் அவ்விசிறியை மீண்டும் பூட்டலாகாது. அதனைத் தாங்கிய ஆறு போல்ட்டுகளையும் எறிந்துவிடவேண்டும்.