நல்லா: ஒரு சென்னை ஓடையின் பெயர்

பாடிப் பக்கம் தொடங்கி, அண்ணா நகர், வில்லிவாக்கம், அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வளைந்து வந்து, பேசின் பாலம் அருகே பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது ஓட்டேரி நல்லா. கூவத்தைப் பற்றியும் அடையாற்றைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். இந்தச் சிற்றோடையை யாரும் அவ்வளவாகக் கண்டுகொண்டதில்லை. அதன் பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் ‘நல்லா’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தத் தண்ணீருக்கு நேர்ந்ததும் சேர்ந்தே புலப்படுகிறது.

‘நல்ல’ என்ற நம் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. இது இந்துஸ்தானியின் ‘நாலா’. வட இந்தியாவில் மழைநீர் அறுத்தோடும் சிறு நீர்வழிக்கு அதுதான் பெயர். அதன் வேர் சமஸ்கிருத நாளம்: உள்ளே துளையுள்ள தண்டு, குழல். அந்த வேரிலிருந்து வந்த சொல் நம்மிடம் வேறு வழியாக முன்பே வந்துவிட்டது. தாமரைத் தண்டை நாளம் என்கிறோம். இரத்த நாளம் என்கிறோம். பள்ளிக்கூடப் பாடத்தில் நாளமில்லாச் சுரப்பி என்று படித்திருக்கிறோம். உடம்புக்குள் இரத்தம் ஓடும் வழிக்கும் ஊருக்குள் மழை ஓடும் வழிக்கும் ஒரே வேரில் கிளைத்த பெயர்கள்.

வடக்கே இருந்த நாலாவைச் சென்னைக்குக் கொண்டுவந்தது ஆங்கிலம். கம்பெனிப் படையினரும் நில அளவையாளர்களும் வங்காளத்திலும் இந்துஸ்தானத்திலும் கேட்ட சொல்லைத் தங்கள் உச்சரிப்பில் ‘நல்லா’ ஆக்கி, போன இடமெல்லாம் வரைபடங்களில் எழுதினார்கள். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இதற்கு ஒரு பதிவு இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை ஆராய்ந்தவர். நல்லா என்பது நீர்வழி. வறண்டு கிடக்கும் நீர்வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனாலும் பெரும்பாலும் அப்படிப்பட்டதையே குறிக்கும் என்ற பொருளில் அந்தப் பதிவு அமைந்திருக்கிறது. இந்த விளக்கம் முக்கியமானது. பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

எதிர்த்திசையிலும் ஒரு சொல் பயணம் செய்தது. நம்முடைய ‘அணைக்கட்டு’ ஆங்கிலப் பொறியாளர் வாயில் ‘அனிகட்’ ஆயிற்று. 1830களில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், அடுத்துக் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். பாசனப் பொறியியலோடு சேர்ந்து சொல்லும் நகர்ந்தது. இன்று ராஜஸ்தானின் சிற்றூர்களில் மழைநீரைத் தடுத்து நிறுத்தும் சிறு அணையை ‘எனிகட்’ என்றே சொல்கிறார்கள். தண்ணீரைத் தடுப்பதற்கான சொல் தெற்கிலிருந்து வடக்கே போயிற்று, தண்ணீர் ஓடுவதற்கான சொல் வடக்கிலிருந்து தெற்கே வந்தது.

ஓடுவதற்கு நம்மிடம் சொல் இல்லாமலா? ஓடை இருக்கிறது. சங்கப் பாடல்களில் ஓடை என்றால் பெரும்பாலும் யானையின் நெற்றிப்பட்டம்தான். ‘ஓடு’ என்ற வினையோடு சேர்ந்த நீரோடை பின்னால் ஊன்றியது. கால் இருக்கிறது. வாய்க்கால், கால்வாய், வரத்துக்கால், வடிகால் எல்லாம் அந்தக் காலில் கிளைத்தவை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால், நிரம்பிய பின் வெளியே விடுவது கலங்கல், பாசனத்துக்குத் திறப்பது மதகு. இத்தனை நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்ட ஊர் இது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது, இன்ன பெயருடைய வாய்க்காலுக்கு வடக்கே, இத்தனையாம் கண்ணாற்றில் (கிளை வாய்க்காலில்) என்று குறிக்கிறார்கள். ஒரு கிராமத்துக்குள் ஓடிய வாய்க்காலுக்குக்கூடத் தனிப்பெயர் இருந்திருக்கிறது.

ஓட்டேரி நல்லாவுக்கு அப்படித் தனிப்பெயர் நிற்கவில்லை. முன்பாதி ஊரின் பெயர். அந்த ஊர்ப்பெயரின் முடிவில் ஏரி இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குள்ளும் ஓட்டேரி என்று ஓர் ஏரி உண்டு. அங்கே பறவைகள் இறங்க இடம் இருக்கிறது, இங்கே ஏரி பெயரில் மட்டும் நிற்கிறது. பின்பாதி வெறும் வகைப்பெயர். இது போய்ச் சேரும் கால்வாயைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கியது, 1877-78 பஞ்ச நிவாரண வேலையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தபோது ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. 1876இல் பெரம்பூரில் தொடங்கிய துணி ஆலைக்கும் அவர் பெயர்தான். மனிதர் வெட்டியதற்கும் கட்டியதற்கும் ஆளுநர் பெயர் கிடைத்தது. நிலத்தின் சரிவில் தானாக உண்டான ஓடைக்கு வகைப்பெயரே மிஞ்சியது.

அதற்கு மேல் இன்னொரு மாற்றம். செய்திகளிலும் ஒப்பந்த அறிவிப்புகளிலும் இப்போது ‘ஓட்டேரி நல்லா கால்வாய்’ என்றுதான் எழுதுகிறார்கள். நல்லா என்றாலே நீர்வழி என்பது மறந்துபோனதால் கூட்டிய சொல் என்று இதை விட்டுவிட முடியாது. கால்வாய் என்றால் வெட்டியது. வெட்டியதற்கு இத்தனை அடி அகலம், இத்தனை அடி ஆழம் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கை மனிதர் சுருக்கலாம், சுவர் எழுப்பலாம், மேலே மூடி போடலாம். ஓடைக்கு அகலத்தை மழை தீர்மானிக்கிறது. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதிலும் சில நாட்களில் கொட்டிவிடுகிறது. கோடையில் வறண்டு கிடக்கும் பள்ளம் அந்தச் சில நாட்களுக்காக அகலமாக இருக்க வேண்டும். ஹாப்சன்-ஜாப்சன் சொன்ன பொருள் இதுதான்: பெரும்பாலும் வறண்டிருப்பது. வறண்ட மாதங்களில் அதைப் பார்த்தவர்கள் காலி இடம் என்று எண்ணிவிட்டார்கள். இன்று அது வறள்வதுகூட இல்லை, ஆண்டு முழுவதும் கழிவுநீர் ஓடுகிறது.

இந்த நிலம் தட்டையானது, கடல் பக்கத்தில் இருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் நிரம்பிவிட்டால் நல்லாவின் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பின்னால் ஏறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியபோது புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. உழைத்துப் பிழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் தெருக்கள் அவை. ஓடையின் அகலம் குறைந்ததற்கு விலை கொடுப்பவர்கள் எப்போதும் அவர்கள்தான். இதை எழுதும்போது கோபம் வருகிறது.

நல்லா என்ற இதே சொல் ஆங்கிலேய ஆட்சியோடு ஹாங்காங்கிற்கும் போயிற்று. அங்கே மோங் கோக் பகுதியில் நல்லா ரோடு என்றே ஒரு தெரு இருக்கிறது. அங்கும் காட்டோடைகளைச் சிமென்ட் தொட்டியாக்கினார்கள். நல்லா என்றாலே சிமென்ட் சாக்கடை என்று பொருள் சுருங்கியது. ஆனால் அந்த ஊர் ஒரு நல்ல காரியம் செய்தது. காய் டாக் நல்லாவைத் திருத்தி, கரையைச் சீராக்கி, பெயரையும் காய் டாக் ஆறு என்று மாற்றியது. பெயர் மாறினால் தண்ணீர் தெளிந்துவிடாது என்பது தெரியும். ஆனால் ஆறு என்று எழுதிவைத்த ஒன்றின்மேல் மூடி போடுங்கள் என்று கேட்பது எளிதல்ல.

நல்லா என்ற சொல் வெளியிலிருந்து வந்தது என்பதால் அதை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வடசென்னை மக்களின் வாயில் அது பல தலைமுறையாகப் புழங்கிவிட்டது, அது நம் சொல்தான். நீக்க வேண்டியது ஒட்டுப்போட்ட ‘கால்வாய்’. மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கோப்புகளிலும், ஸ்டீபன்சன் சாலைப் பாலம் முதல் ஒவ்வொரு பாலத்தின் பலகையிலும் ‘ஓட்டேரி ஓடை’ என்றோ, வெறுமனே ‘ஓட்டேரி நல்லா’ என்றோ எழுதுங்கள். கீழே அது தொடங்கும் இடத்தையும் சேரும் இடத்தையும் குறியுங்கள். உங்கள் தெருவுக்குப் பின்னாலும் இப்படி ஒன்று ஓடினால், அதை முன்பு என்ன பெயரால் அழைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மழைக்காலத்துக்குள் கேட்டு எழுதிவையுங்கள்.