சோனகர் யார்? ஒரு பழைய வாதம்

1888ஆம் ஆண்டிலே றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. இலங்கைச் சோனகரின் இனமூலம் யாது என்பதே அதன் பொருள். படித்தவர் பொன்னம்பலம் இராமநாதன். சோனகர் இல்லங்களில் வழங்கும் மொழி, அவர்தம் பழக்கவழக்கங்கள், உடற்றோற்றம் ஆகியவற்றை அவர் எடுத்து ஆராய்ந்தார். ஈற்றில், சோனகர் சமயத்தால் முஸ்லிம்களாயினும் இனத்தால் தமிழரே என்று முடிவு கூறினார்.

மேலோட்டமாக நோக்குமிடத்து இஃது அறிஞர் அவைக்குரிய ஓர் ஆராய்ச்சி. ஆனால் அக்காலத்து அரசியலமைப்பைச் சேர்த்து நோக்கினால் அதன் கனம் வேறாகும். 1833ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட சட்டநிரூபண சபையில், ஐரோப்பியர் ஒருபுறமிருக்க, சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகிய ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் ஆசனமே உரியதாயிருந்தது. மக்கள் வாக்களித்துத் தெரிந்தவர்கள் அல்லர், தேசாதிபதி நியமித்தவர்கள். தமிழருக்குரிய ஆசனத்தில் 1879 முதல் அமர்ந்திருந்தவர் இராமநாதனே. முஸ்லிம்களோ தமக்கெனத் தனியாசனம் வேண்டி நின்ற வேளை அது. சோனகரும் தமிழரே என்றால் தனியாசனம் எதற்கு என்ற வினா, சொல்லாமலே எழுந்து நின்றது.

அடுத்த ஆண்டிலேயே, 1889இல், முஸ்லிம்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் ஒவ்வோர் ஆசனம் வழங்கப்பட்டது. ஆசனப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மனக்குறை தீரவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1907ஆம் ஆண்டிலே, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அக்கட்டுரைக்கு ஒரு மறுப்பு நூல் வெளியிட்டார். சோனகரின் முன்னோர் அராபியர். தமிழ் அவர்கள் பின்னர் கைக்கொண்ட மொழி. மொழி ஒன்றாதலால் இனமும் ஒன்றாகிவிடாது என்பது அவர் வாதம். இராமநாதனது ஆராய்ச்சிக்குப் பின்னே அரசியல் நோக்கம் இருந்ததென்றும் அவர் ஐயுற்றார்.

இவ்வாதத்திலே ஒரு விந்தை உண்டு. சோனகரின் வீட்டுமொழி தமிழே. 1882ஆம் ஆண்டிலே சித்திலெப்பை அவர்களுக்காகத் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையே. ஆயினும், தமிழ் பேசும் இருவர் தமிழ் பேசும் மக்களைப் பற்றி நிகழ்த்திய இவ்வாதம் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. வாதித்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிப் பேசினாரல்லர். தீர்ப்புச் சொல்லும் ஆட்சியாளரின் செவியையும் நோக்கியே பேசினர்.

இனத்தைப் பற்றி மனந்திறந்து பேசுதல் ஏன் அரிதாயிற்று என்பதற்கு விடை இங்கேயே உண்டு. பெயருக்கு ஏற்ப ஆசனம் என்று விதித்தபின், ஒரு பெயரும் வெறும் பெயராக நிற்பதில்லை. 'நீரும் எம்மவரே' என்னும் அன்புச் சொல், 'உமக்கெனத் தனிக் குரல் வேண்டாம்' என்று ஒலிக்கும். 'நாம் வேறு' என்னும் தன்மானச் சொல், 'உம்மை வேண்டோம்' என்று ஒலிக்கும். இருவரும் மெய்யே சொன்னாலும் இருவர்க்கும் ஐயம் விளையும்.

1915ஆம் ஆண்டுக் கலகத்திலே முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். அதன்பின் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகச் சபையிலே வாதாடியவர் இராமநாதன். இராணுவச் சட்டத்தின் கொடுமையைக் கண்டிக்க அவருக்குக் காரணம் இருந்தது. தம் இழப்பு மறக்கப்பட்டதென்று முஸ்லிம்கள் வருந்தவும் காரணம் இருந்தது. பழைய வடு மேலும் ஆழமாயிற்று.

இனவாரி ஆசனங்கள் 1931ஆம் ஆண்டிலே டொனமூர்த் திட்டத்துடன் ஒழிந்தன. அவை வளர்த்த ஐயம் ஒழியவில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழரே என்று ஒருகாலத்தில் வாதித்து உரிமை பாராட்டப்பட்டவர்கள், தமிழையே பேசிக்கொண்டு தம் ஊர்களை விட்டு நடந்தனர்.

இராமநாதன் காட்டிய சான்றுகளும் அஸீஸ் காட்டிய சான்றுகளும் இன்றும் நூலகங்களில் உள. அவற்றை எத்துணை ஆராய்ந்தாலும் ஒரு வினாவுக்கு அவை விடை தாரா. ஒரு கூட்டத்தாரின் பெயரை இடுவோர் யார்? அக்கூட்டத்தாரே. இதனை முதலில் ஒப்புக்கொண்ட பின்னரே, முன்னோர் எவர், மொழி எவ்வாறு வந்தது என்பனவற்றை அயலார் இருவர் ஒரு திண்ணையில் இருந்து அச்சமின்றிப் பேச முடியும்.