ஆறு கட்டமும் அழிய இருந்த படங்களும்

1/ பல பல்ஸ் ஆக்சிமீட்டர்கள்ல 98, 99னு எண் தெரியுமே, ஏழு சின்னக் கோடுகளால ஆன எண்? அந்த வடிவத்துல 0 முதல் 9 வரை பத்து எண்களுக்கும் 2020 மார்ச்ல யூனிகோட் தனி இடம் கொடுத்தது. அதுகூடவே உள்ளே வந்த பழைய கட்டங்களோட கதை இது. சின்ன த்ரெட் 👇

2/ 1970கள்ல கம்ப்யூட்டர் மெமரி ரொம்ப விலை. திரையில ஒவ்வொரு புள்ளியையும் சேமிக்கக் கட்டுப்படியாகாது. அதனால, எழுத்து வர்ற இடத்துலயே படத்துண்டை வெச்சாங்க. 1977ல வந்த கொமடோர் பெட் கம்ப்யூட்டர்ல சீட்டுக்கட்டுச் சின்னங்கள், கோடுகள் எல்லாம் கீபோர்டுலயே அச்சிட்டிருக்கும்.

3/ பிரிட்டன்ல பிபிசியோட சீஃபேக்ஸ் 1974ல ஆரம்பிச்சு 2012 வரை ஓடுச்சு. செய்தி, வானிலை, ஸ்கோர் எல்லாம் டிவி சிக்னல் வழியாவே எழுத்தா வரும். இந்த மாதிரி டெலிடெக்ஸ்ட் பக்கங்கள்ல மேப்கூட கட்டங்களாலதான்.

4/ எப்படி? ஒரு எழுத்தோட இடத்தை 2 பத்தி, 3 வரிசைனு 6 கட்டமாப் பிரிங்க. ஒவ்வொண்ணும் ஒளிரலாம், இல்ல அணைஞ்சிருக்கலாம். மொத்தம் 64 வடிவம். காலி, முழுசு, இடது பாதி, வலது பாதி - இந்த நாலும் யூனிகோடில் ஏற்கெனவே இருந்தது. மீதி 60க்கு இடமே இல்லை.

5/ இடம் இல்லைன்னா என்ன ஆகும்? பழைய பக்கத்தைப் புது கம்ப்யூட்டர்ல திறந்தா படம் கிறுக்கலாயிடும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம், ஆனா அதை எழுத்தா காப்பி பண்ணவோ தேடவோ முடியாது.

6/ பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து யூனிகோடுக்கு விண்ணப்பிச்சாங்க. 2020ல, அந்த 60ஐயும் சேர்த்து 212 குறிகள் ஏறுச்சு. 2024ல இன்னும் 700க்கு மேல.

7/ "விளையாட்டுக் கட்டத்துக்கு இவ்வளவு பாடா?"னு தோணுதா? யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ண கடிதத்தை இன்னைக்குத் திறந்து பாருங்க. அதே கிறுக்கல்தான்.

8/ புது நோயாளி வந்தா நான் முதல்ல கேட்கிறது, "பழைய ரிப்போர்ட் இருக்கா?" இருந்தும் படிக்க முடியலைன்னா, இல்லாத மாதிரிதான். உங்க வீட்டுல அப்பா டைப் பண்ண பழைய ஃபைல் கிடந்தா, அந்த ஃபான்ட் கையில இருக்கும்போதே யூனிகோடுக்கு மாத்திடுங்க. 🙏